உஷார்! இரைச்சலை அடக்கப் போய் உயிரை விடாதீர்கள்

உங்கள் ஸ்டூடியோ ஸ்பீக்கரின் பிளக்கில், எர்த் தகடுகளின் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறீர்களா? ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸரின் மூன்று பின் பிளக்கை ஏதோ ஒரு யுனிவர்சல் அடாப்டரில் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? முதலில் எழுந்து போய் அந்த பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

ஜெர்மனியில் டோர்ட்முண்டானாலும் பெர்லினானாலும் மியூனிக்கானாலும், தமிழர் வீடுகளில் படுக்கையறை மூலையே இப்போது ஸ்டூடியோ. லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு கண்டென்சர் மைக் இருந்தால் போதும். கவர் பாட்டு, கோவில் திருவிழாப் பாட்டு, அரங்கேற்றத்துக்கான பின்னணி இசை எல்லாம் அங்கேயே பதிவாகிவிடும். ஒருநாள் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கிளம்பும். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் போனிலேயே வைத்தியம் சொல்வார்: "எர்த்தைக் கட் பண்ணிடுங்க அண்ணா, சத்தம் போயிடும்."

சொன்னபடியே சத்தம் போய்விடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வைத்தியம் பலித்துவிட்டதால் யாரும் அதன்பிறகு அந்த பிளக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது வெறும் மிரட்டல் அல்ல

1972 மே 3. பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த குரோஸ்' என்ற ராக் குழுவின் கச்சேரி. கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 27.

நான்கு ஆண்டு கழித்து, 1976 மே மாதம். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கீத் ரெல்ஃப், தன் வீட்டிலேயே எலக்ட்ரிக் கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது ஷாக் அடித்து இறந்தார். அங்கும் காரணம் எர்த் கோளாறுதான். வயது 33. மழையில் நனைந்த மேடையோ தெருவோரப் பந்தலோ இல்லை. சொந்த வீடு, சொந்தக் கருவி.

இருவரும் கத்துக்குட்டிகள் அல்ல. கருவியோடு வாழ்நாளைக் கழித்தவர்கள்.

எர்த்தை எடுத்தால் என்ன நடக்கிறது?

உலோகப் பெட்டி கொண்ட மிக்ஸர், ஆம்ப், மானிட்டர் ஆகியவற்றில் அந்தப் பெட்டி எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒரு ஒயர் கழன்று பெட்டியைத் தொட்டால், கரண்ட் எர்த் வழியாகப் பாயும். மெயின் போர்டில் ஸ்விட்ச் 'டக்' என்று விழும். அதோடு ஆபத்து முடிந்தது.

எர்த் இல்லையென்றால் ஸ்விட்ச் விழாது. பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறி, அமைதியாகக் காத்திருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பும் மைக் கேபிளின் ஷீல்டு ஒயர் அதே 230 வோல்ட்டை மைக்கின் உலோக வலைவரை கொண்டுபோகும். கிடார் ஆம்ப் என்றால் தந்திவரை வரும். இப்போது ஒரு கருவி எர்த் உள்ளது, இன்னொன்று எர்த் இல்லாதது என்று வையுங்கள். கை கிடார் தந்தியில், உதடு மைக்கில். கரண்ட் போகும் பாதை கையிலிருந்து நெஞ்சைக் கடந்து உதட்டுக்கு.

உடலின் மின்தடையைச் சுமார் 1000 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். கரண்ட் கசிவதைக் கண்டு உயிர்காக்கும் எஃப்ஐ ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே கரண்டைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது ஏன் என்பது இதிலிருந்தே புரியும். இதயத்தின் தாளத்தைக் குலைக்க 200 மில்லி ஆம்பியர் தாராளம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த அடையாளம் உள்ள கருவிகளுக்கு எர்த் தேவையில்லை. இரட்டைக் காப்பு கொண்டவை அவை. தட்டையான இரண்டு பின் பிளக்கோடு வரும் சின்ன அடாப்டர்கள் இந்த வகை. எர்த்தோடு தயாரிக்கப்பட்ட கருவியின் எர்த்தை நீங்கள் துண்டிப்பதுதான் குற்றம்.

ஜெர்மனி வீடுதானே, எல்லாம் பக்காவாக இருக்கும் என்று நம்பலாமா?

கூடாது. இங்கே பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சுவரில் ஷூக்கோ சாக்கெட் இருக்கும். இரு பக்கமும் பளபளக்கும் எர்த் கிளிப்பும் இருக்கும். ஆனால் பழைய கட்டடங்களில், அதாவது இங்கே 'ஆல்ட்பௌ' என்று சொல்லும் வீடுகளில், அந்தக் கிளிப்புக்குத் தனி எர்த் ஒயர் வராமலே இருக்கலாம். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரல் ஒயரோடு அதைச் சேர்த்துவிடும் பழைய முறை ஒன்று உண்டு. 'கிளாஸிஷே நுல்லுங்' என்பார்கள். மேற்கு ஜெர்மனியில் 1973-லிருந்து புதிய ஒயரிங்கில் இதற்குத் தடை. கிழக்கு ஜெர்மனியில் அதற்குப் பிறகும் பல ஆண்டு தொடர்ந்தது. தடை வருமுன் கட்டி, ஒயரிங் மாற்றாத வீடுகள் இன்றும் வாடகைக்கு வருகின்றன.

இதில் என்ன ஆபத்து? சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் ஒயர் எங்காவது முறிந்தால், உங்கள் மிக்ஸர் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். கருவியில் எந்தப் பழுதும் இருக்காது. எர்த் கிளிப் வழியாகவே எமன் வந்து நிற்பான். இந்த வகை ஒயரிங்கில் எஃப்ஐ ஸ்விட்சும் சரியாக வேலை செய்யாது.

எஃப்ஐ என்றாலும் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. குளியலறைகளுக்கு 1984-லும், புதிதாகப் போடும் சாதாரண சாக்கெட்டுகளுக்கு 2007-ல் வந்த விதியாலும்தான் 30 மில்லி ஆம்பியர் எஃப்ஐ கட்டாயமானது. பழைய வீட்டில் பழைய ஒயரிங் இருப்பதே சட்டவிரோதம் என்றும் சொல்லிவிட முடியாது. எனவே உங்கள் மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 'டி' (T) என்று எழுதிய பட்டன் உள்ள அகலமான ஸ்விட்ச் இருக்கிறதா? அந்த பட்டனை அழுத்தினால் உடனே கரண்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்த எஃப்ஐ செத்துக் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அழுத்தும் முன் கம்ப்யூட்டரில் உள்ள வேலையை சேவ் செய்துகொள்ளுங்கள்.

அப்படி ஒரு ஸ்விட்சே இல்லை என்றாலோ, ஒயரிங் பழையது என்று சந்தேகம் இருந்தாலோ, வீட்டு உரிமையாளருக்கோ ஹவுஸ்ஃபெர்வால்டுங் என்னும் நிர்வாகத்துக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டைப் பயன்படுத்தத் தகுந்த நிலையில் வைத்திருப்பது வாடகைக்கு விட்டவரின் கடமை என்கிறது ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 535-ஆவது பிரிவு. சோதனை செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன். ஊர்ப் பழக்கத்தில் டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவரை எர்த் கிளிப்பில் வைத்து, "எரியல, அப்போ எர்த் சரியா இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். அது எர்த் இருப்பதற்கு அத்தாட்சியே இல்லை. எர்த் ஒயரே வராத சாக்கெட்டிலும் எரியாது.

ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் கருவிகள்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மிக்ஸர், லண்டன் மாமா கொடுத்த ஆம்ப், டொராண்டோ சித்தப்பா பார்சல் அனுப்பிய பிரீஆம்ப். மூன்றும் ஒரே மேசையில் இருக்கும். மூன்றுக்கும் பிளக் வேறு.

இந்தியா, இலங்கை, பிரிட்டன் மூன்றிலும் மின்சாரம் இங்குள்ளது போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே கருவி எரியாது. சிக்கல் அடாப்டரில். விலை மலிவான பல டிராவல் அடாப்டர்களில் மூன்றாவது பின்னுக்கு ஓட்டை மட்டும் இருக்கும். ஷூக்கோவின் எர்த் கிளிப்போடு தொடர்பு இருக்காது. நீங்கள் டேப் ஒட்டவே வேண்டாம், அடாப்டரே எர்த்தைத் துண்டித்துவிடும். மிக்ஸரைத் தொட்டால் விரலில் 'சுர்ர்' என்று கூச்சம் வருகிறதா? அடாப்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் 'சேஃப்டி கேட்' எச்சரிக்கைப் பட்டியலில் டிராவல் அடாப்டர்கள் ஷாக் அபாயத்துக்காக இடம்பெற்றதும் உண்டு.

தீர்வு மிக எளிது. பெரும்பாலான மிக்ஸர், மானிட்டர், ஆம்ப் ஆகியவற்றின் பவர் கேபிள் தனியே கழற்றக்கூடியது. கம்ப்யூட்டருக்குப் போடும் அதே மூன்று முனை கேபிள். கடையில் 'கால்ட்கெரேட்டே காபெல்' என்று கேட்டால் ஷூக்கோ பிளக்கோடு சில யூரோவுக்குக் கிடைக்கும். விடிஇ என்னும் ஜெர்மன் மின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, அடாப்டரைத் தூக்கி எறியுங்கள்.

கனடா, அமெரிக்கக் கருவிகளின் கதை வேறு. அங்கே 120 வோல்ட். கருவியின் பின்னால் '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், ஜெர்மன் சாக்கெட்டில் செருகிய நொடியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்னழுத்தம் உள்ளே போகும். டிரான்ஸ்ஃபார்மர் கருகும், கெபாசிட்டர் வெடிக்கும், சில சமயம் தீயும் பிடிக்கும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது.

அப்படியானால் அந்த இரைச்சலை என்னதான் செய்வது?

ஒரு பெட்டியையும் திறக்காமலே பெரும்பாலான இரைச்சல்களின் வேரைப் பிடித்துவிடலாம்.

முதலில் காதால் கேளுங்கள். இங்குள்ள மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கீழே தாழ்வாக, பியானோவின் மிக அடி ஜி சுரத்தை ஒட்டி உறுமினால், அது 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 'ஸ்ஸர்ர்' என்று கரகரப்போடு வந்தால், அது 100 ஹெர்ட்ஸ். கருவியின் பவர் சப்ளையில் கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்கலாம். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று மாறும் சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வருவது.

அடுத்து, ஸ்பீக்கருக்கு வரும் ஆடியோ கேபிளை மட்டும் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் பழுது ஸ்பீக்கருக்குள் இருக்கிறது. நேரே சர்வீஸுக்கு அனுப்புங்கள். சத்தம் நின்றால் ஸ்பீக்கர் நல்லது. சத்தம் வெளியிலிருந்து வருகிறது. பிறகு ஒவ்வொரு கருவியாக இணைத்து, எதைச் செருகும்போது தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

ஜெர்மன் வீடுகளில் அடிக்கடி சிக்குகிற ஒரு திருடன் உண்டு: கேபிள் டிவி ஒயர். கட்டடத்துக்குள் வரும் அந்த ஒயர் தனியே எர்த் செய்யப்பட்டிருக்கும். டிவியோ கேபிள் மோடமோ அதன் வழியாக உங்கள் கம்ப்யூட்டரோடு சேரும்போது, எர்த்துக்கு இரண்டு பாதைகள் உருவாகி ஒரு வளையம் ஆகிவிடும். எர்த் லூப் என்பது இதுதான். அந்த வளையத்தில் ஓடும் சிறு கரண்டைத்தான் ஸ்பீக்கர் உறுமலாகப் பாடுகிறது. சுவரிலிருந்து ஆன்டெனா ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், 'மான்டெல்ஷ்ட்ரோம் ஃபில்டர்' என்ற சின்ன உருளையை வாங்கி அந்த ஒயரில் மாட்டினால் போதும்.

அது இல்லையென்றால், எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு எக்ஸ்எல்ஆர் போன்ற பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ஆடியோ கேபிளின் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வையுங்கள். ஜெர்மன் நிறுவனமான பால்மர் உட்படப் பலர் இதைத் தயாரிக்கிறார்கள். கிடாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' பட்டனையும் பயப்படாமல் அழுத்தலாம். அது துண்டிப்பது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டுமே. மெயின் எர்த் அப்படியே இருக்கும். வளையத்தை வெட்ட வேண்டிய இடம் ஆடியோ கேபிள். பவர் பிளக் அல்ல.

ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வையுங்கள்

"பிளக்கைத்தான் பிடுங்கிட்டேனே, திறந்து பாத்தா என்ன?" என்று கேட்பவர்களுக்கு: இன்றைய மானிட்டர்களில் உள்ள ஸ்விட்சிங் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். அதை இறக்க வேண்டிய ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் எவ்வளவு நேரம் தங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வால்வு ஆம்ப்களில் 300 வோல்ட்டுக்கு மேலே போகும். அங்கே கை பட்டால் எஃப்ஐ ஸ்விட்ச் உதவாது. கரண்ட் சுவரிலிருந்து வரவில்லை, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கருவியின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஷூக்கோ பிளக்கை எந்தப் பக்கம் திருப்பியும் செருகலாம். கருவியின் ஸ்விட்ச் ஒரு ஒயரை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், துண்டிக்கப்பட்டது நியூட்ரலாகவும் உள்ளே நிற்பது ஃபேஸாகவும் இருக்க முடியும்.

பழைய டேப் மெஷின் பிரியர்களுக்குத் தனி எச்சரிக்கை. கருங்காட்டுப் பகுதியின் லோஃபிங்கன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ரெவாக்ஸ் பி77 போன்ற மெஷின்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. அற்புதமான கருவிகள்தான், ஆனால் அவற்றில் பலவற்றின் கெபாசிட்டர்களுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மெயின்ஸ் பக்கத்தில் உள்ள பழைய காகித வகை கெபாசிட்டர் விரிசல் விட்டுப் புகைந்து அறையையே நாறடிப்பது பழுதுபார்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கதை. வாங்கியதும் செருகிப் பார்க்காதீர்கள். முதலில் சர்வீஸ், பிறகு கரண்ட்.

ஃபியூஸ் போனால், அதே அளவு, அதே வகை ஃபியூஸை ஒருமுறை மாற்றலாம். 'டி' (T) என்று இருந்தால் மெதுவானது, 'எஃப்' என்றால் வேகமானது. மாற்றிப் போடக் கூடாது. மறுபடியும் போனால் உள்ளே பழுது உண்டு என்று அர்த்தம். பெரிய ஃபியூஸ் போடுவதும், ஈயத்தாள் சுற்றுவதும் வீட்டுக்குக் கொள்ளி வைக்கிற வேலை.

நீங்களே தைரியமாகச் செய்யக்கூடியவை: கேபிள் மாற்றுதல், ஆடியோ கேபிள் முனை பற்றவைத்தல், ஜாக்கைத் துடைத்தல், டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தல். மைக் இணைக்கும் முன் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை அணைத்துவிடுங்கள். ரிப்பன் மைக்கோடு பழுதான கேபிளும் ஃபாண்டமும் சேர்ந்தால் அந்த மெல்லிய ரிப்பன் ஒரே நொடியில் போய்விடும். பவர் சப்ளை, மெயின் பிளக், வால்வு மூன்றும் தொழில் தெரிந்தவர் கைக்கு. திருப்பி வாங்கும்போது விடிஇ 0701 சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். எர்த் ஒயரின் தடை 0.3 ஓமுக்குள் இருக்கிறதா (5 மீட்டர் வரையிலான கேபிளுக்கு), இன்சுலேஷன் சரியா, கசிவு எவ்வளவு என்று அளந்து பார்க்கும் சோதனை அது. பழுதுபார்ப்பு முடிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பணத்துக்கும் உஷார்

புதிய கருவி என்றால் திறக்கும் முன் பில்லைத் தேடுங்கள். ஜெர்மன் சட்டப்படி கடைக்காரரின் பொறுப்பு இரண்டு ஆண்டு. 2022 ஜனவரி 1 முதல் வாங்கியவற்றுக்கு, முதல் 12 மாதத்தில் தெரியவரும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். நீங்கள் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டால் அவருக்கு வாதாட ஒரு காரணம் கிடைத்துவிடும்.

தனியாரிடம் பழையது வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. 'கெவேர்லைஸ்டுங் கிடையாது', அதாவது பழுதுக்குப் பொறுப்பில்லை என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுவார்கள். 'டிஃபெக்ட், பாஸ்ட்லருக்கு', அதாவது பழுதானது, தானே சரிசெய்பவர்களுக்கு என்று இருந்தால், மின்னணுத் தொழில் தெரியாதவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பேபாலில் 'நண்பர்களுக்கு' என்ற முறையில் பணம் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த முறைக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

ஷாக் அடித்துவிட்டால்

ஒருவர் கருவியோடு ஒட்டிக்கொண்டு நின்றால், ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் ஸ்விட்சை இறக்குங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்குங்கள். மூச்சு இல்லையென்றால் 112-க்கு அழைத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். "லேசாத்தான் அடிச்சுது, ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடப்பவரையும் அன்றே மருத்துவரிடம் காட்டி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இதயத் துடிப்பின் கோளாறு வெளியே தெரியாமல் இருக்க முடியும்.

வீட்டுக்கு வந்து போகும் பாடகர்கள், மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைகள், கோரஸ் பாட வரும் அக்காமார் எல்லோரும் உங்கள் மைக்கை நம்பித்தான் வாயருகே கொண்டுபோகிறார்கள். இரைச்சலோடு ஒரு பாட்டு பதிவானால் மறுபடி பாடிக்கொள்ளலாம். எர்த் இல்லாத ஸ்டூடியோவில் யாரையும் பாட வைக்காதீர்கள்.